நான்கு நாட்களுக்கு முன் வயிற்றுப்போக்கு

லண்டன், பிராட் தெரு, 40ஆம் எண் வீடு. ஐந்து மாதப் பெண் குழந்தை. 1854 செப்டம்பர் 2ஆம் தேதி இறப்பு. காரணம்: நான்கு நாட்களுக்கு முன் வயிற்றுப்போக்கு கண்டு, உடம்பு தளர்ந்து போனது.

ஒரு இறப்புப் பதிவில் இருந்த வரி இவ்வளவுதான். போன மாசம் ஒரு ராத்திரி இதைப் படித்துவிட்டு, அதற்கு மேல் ஓடாமல் எழுந்து வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். கொங்கு நாட்டு நகராட்சிகளில் 33 வருசம் சானிட்டரி இன்ஸ்பெக்டராக இருந்தவன் நான். சாக்கடை, குப்பை, கொசு, ஓட்டல் சோதனை எல்லாவற்றோடும் பிறப்பு இறப்புப் பதிவும் எங்கள் தலையில்தான். எத்தனை ஆயிரம் இறப்பு வரிகளுக்குக் கீழே கையெழுத்துப் போட்டிருப்பேன். அத்தனையிலும் இப்படி ஒரு வரி எழுதியிருக்கிறேனா என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அந்த வரியின் கதையைச் சொல்கிறேன். பாதிக் கதை நிறையப் பேருக்குத் தெரியும். 1854 ஆகஸ்ட் 31 ராத்திரி பிராட் தெருவைச் சுற்றிக் காலரா வெடித்தது. பத்து நாளைக்குள் ஐந்நூறு பேருக்கு மேல் போய்விட்டார்கள். கடைசிக் கணக்கு 616. ஜான் ஸ்னோ என்ற டாக்டர் பதிவு அலுவலகத்தில் இறந்தவர்களின் பட்டியலை வாங்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். செத்தவர்கள் பெரும்பாலும் அந்தத் தெருவின் அடிபம்புத் தண்ணீர் குடித்தவர்கள் என்று கண்டுபிடித்தார். செப்டம்பர் 8ஆம் தேதி பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள்.

எனக்கும் இது வரைக்கும் தெரியும். காந்திகிராமத்தில் பயிற்சி எடுத்தபோதே சொல்லிக் கொடுத்தார்கள். அதற்கு அப்புறம் நடந்ததை ஓய்வு பெற்ற பிறகுதான் படித்தேன். அந்தப் பகுதியில் ஹென்றி வைட்ஹெட் என்று ஒரு இளம் பாதிரியார். பம்புத் தண்ணீர்தான் காரணம் என்று ஸ்னோ சொன்னதை அவர் நம்பவில்லை. அது தப்பு என்று காட்டுவதற்காகவே அவரும் வீடு வீடாக விசாரித்தார். விசாரிக்க விசாரிக்க ஸ்னோ சொன்னதுதான் சரி என்று அவருக்கே ஆகிவிட்டது. ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. கிணற்றுக்குள் நோய் எப்படிப் போனது? மறு வருசம் இறப்புப் பதிவுகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது 40ஆம் எண் வீட்டுக் குழந்தையின் வரி அவர் கண்ணில் பட்டது.

செப்டம்பர் 2ல் அந்தத் தெருவில் எத்தனையோ பேர் இறந்தார்கள். அவர்களில் ஒன்று இந்தக் குழந்தை என்று தாண்டிப் போயிருக்கலாம். "நான்கு நாட்களுக்கு முன்" என்ற சொல்தான் அவரை நிறுத்தியது. செப்டம்பர் 2லிருந்து நான்கு நாள் பின்னால் போனால் ஆகஸ்ட் கடைசி. அந்தத் தெருப் பக்கம் ஒருவருக்கும் நோய் வருவதற்கு முன்னாடியே இந்தக் குழந்தைக்கு வந்திருக்கிறது. தாயிடம் போய்க் கேட்டார். குழந்தையின் துணிகளை அலசிய தண்ணீரை வீட்டு முன்னால் இருந்த கழிவுத் தொட்டியில் ஊற்றியதாகச் சொன்னாள். தோண்டிப் பார்த்தார்கள். தொட்டியின் செங்கல் கட்டு உளுத்துப் போயிருந்தது. தொட்டிக்கும் பம்புக் கிணற்றுக்கும் நடுவில் மூன்றடிகூட இல்லை.

அந்த வரியில் வெறும் "வயிற்றுப்போக்கு" என்று மட்டும் இருந்திருந்தால் அவர் அந்த வீட்டுக் கதவைத் தட்டியிருக்க மாட்டார்.

எங்கள் அலுவலகத்தில் காரணம் எழுதுவது எப்படி நடக்கும் என்று சொன்னால்தான் நான் ஏன் இதற்கு இவ்வளவு உருகுகிறேன் என்று புரியும். வீட்டில் ஒருவர் இறந்தால் 21 நாளைக்குள் படிவம் 2 கொடுக்க வேண்டும். வருகிற ஆளுக்கு வேண்டியது சான்றிதழ். வாரிசுச் சான்றுக்கு, பட்டா மாற்ற, எல்ஐசிக்கு, பேங்குக்கு. பேர் சரியாக இருக்கிறதா, தேதி சரியாக இருக்கிறதா என்று நாலு தடவை பார்ப்பார்கள். பார்க்கத்தான் வேண்டும், ஒரு எழுத்து மாறினால் அலைச்சல். இறந்த காரணம் சான்றிதழில் வராது. அதை வெளியே காட்டக் கூடாது என்று 1969 சட்டமே சொல்கிறது. படிவத்தில் சட்டப் பகுதி, புள்ளிவிவரப் பகுதி என்று இரண்டு உண்டு. காரணம் புள்ளிவிவரப் பகுதியில் இருக்கும். அதைக் கிழித்து மேலே அனுப்பிவிடுவோம். அதனால் அந்தக் கட்டத்தைப் பற்றி எழுதுகிறவருக்கும் அக்கறை இல்லை, எழுதச் சொல்கிறவருக்கும் இல்லை. "என்னன்னு போடட்டுங்?" "மாரடைப்புன்னு போட்ருங்க." எழுபது தாண்டியிருந்தால் முதுமை. குழந்தை என்றால் காய்ச்சல். கடைசியில் எல்லாருக்கும்தான் நெஞ்சு நிற்கிறது. நிற்க வைத்தது எது என்பதல்லவா கேள்வி.

ஓய்வுக்கு அப்புறம் என் மகள்தான் ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுத்து, லண்டன் வெல்கம் நூலகத்துக்காரர்கள் பழைய சுகாதார அறிக்கைகளை எல்லாம் படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள், படியுங்கள் அப்பா என்றாள். 1848ல் தொடங்கி, போகப் போக லண்டனின் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் வருசா வருசம் சுகாதார மருத்துவ அதிகாரி எழுதிய அறிக்கை. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். முதல் பத்துப் பக்கத்திலேயே இது என் வேலை என்று தெரிந்துவிட்டது. மக்கள்தொகை இத்தனை, பிறப்பு இத்தனை, இறப்பு இத்தனை, ஒரு வயசுக்குள் இத்தனை, அம்மை, தட்டம்மை, கக்குவான், டைபாய்டு, காசம். அப்புறம் பின்பக்கத்தில் ஒரு பட்டியல்: பார்த்த வீடுகள், மூடிய கழிவுத் தொட்டிகள், சரி செய்த சாக்கடைகள், சுண்ணாம்பு அடிக்க வைத்த வீடுகள், பறிமுதல் செய்த கெட்ட இறைச்சி. நான் மாசா மாசம் எழுதிய அறிக்கையும் ஏறக்குறைய இதே வரிசைதான். அந்தப் பட்டியலுக்கு உரிய ஆளை அந்தக் காலத்தில் 'இன்ஸ்பெக்டர் ஆஃப் நியூசன்ஸஸ்' என்பார்கள், தொல்லைகளைப் பார்க்கிற ஆய்வாளர். அதே வேலைக்குப் பின்னால் வந்த பேர்தான் சானிட்டரி இன்ஸ்பெக்டர். லிவர்பூலில் தாமஸ் ஃப்ரெஷ் என்பவர் 1840களிலேயே அந்த வேலை பார்த்தார். 1847ல் அதே ஊரில் டாக்டர் வில்லியம் ஹென்றி டங்கன் சேர்ந்தார், இங்கிலாந்தின் முதல் சுகாதார மருத்துவ அதிகாரி. இந்தப் பேர்களை எல்லாம் என் பங்காளிகள் பேர் மாதிரி மனப்பாடமாக வைத்திருக்கிறேன்.

டங்கன் சேர்ந்த வருசமே அயர்லாந்துப் பஞ்சம். அந்த ஒரு வருசத்தில் சுமார் மூன்று லட்சம் பேர் கப்பலேறி லிவர்பூலில் வந்து இறங்கினார்கள். தரைக்குக் கீழே நிலவறைகளில், காற்று வராத முடுக்குகளில் அடைந்தார்கள். டைபஸ் காய்ச்சல் பரவியது. பார்க்கப் போன டாக்டர்களும் பாதிரிமார்களும்கூட இறந்தார்கள். இறப்பு விகிதம் ஏறிய ஏற்றத்தைப் பார்த்து இந்த ஊர்க் காற்றே கெட்டது என்று சொல்வதா, பசியோடு வந்தவர்களின் சாவு இந்த ஊர்க் கணக்கில் ஏறியது என்று சொல்வதா?

இந்தக் கேள்வி எங்கள் வேலையில் தினமும் வரும். பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற ஊரின் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். தாராபுரத்துக்காரர், சத்தியமங்கலத்துக்காரர், மலைமேல் இருந்து இறக்கிக் கொண்டுவந்தவர் என்று பாதிப் பேர் வெளியூர். சாவு நடந்த இடத்தில்தான் பதிவு. அந்த எண்ணை அப்படியே ஊர் மக்கள்தொகையால் வகுத்தால் ஆஸ்பத்திரி இருக்கிற ஊர்தான் சாவு அதிகமான ஊர் என்று வரும். விக்டோரியா காலத்து அதிகாரிகள் இதோடு மல்லுக்கட்டியதைப் படிக்கப் படிக்க எனக்கு அப்படி ஒரு ஆறுதல். ஏழை விடுதியிலும் பெரிய ஆஸ்பத்திரியிலும் இறந்த வெளியூர்க்காரர்களைக் கழித்து, வெளியே போய் இறந்த தன் ஊர்க்காரர்களைத் தேடிப் பிடித்துச் சேர்த்து, 'திருத்திய விகிதம்' என்று தனியாக எழுதுவார்கள். கால்குலேட்டர் இல்லாமல், பேனாவால்.

அந்த விகிதத்துக்கு அங்கே பலம் இருந்தது. 1848ல் வந்த பொதுச் சுகாதாரச் சட்டத்தில் 23 என்று ஒரு எண். ஆயிரம் பேருக்கு வருசத்துக்கு 23 சாவுக்கு மேல் போனால், ஊர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அங்கே ஒரு சுகாதார வாரியம் அமைக்க மேலிருந்து கட்டாயப்படுத்தலாம். சாக்கடைக்குக் காசு கொடுக்க மாட்டோம் என்று வரி கட்டுகிறவர்கள் மறித்த ஊர்களில் அந்த எண்தான் வாதாடியது. அந்த எண்ணைக் கணக்குப் போட முடிந்ததற்குக் காரணம் வில்லியம் ஃபார். 1837 ஜூலையில் இங்கிலாந்தில் அரசுப் பதிவு தொடங்கியது. 1839ல் அந்த அலுவலகத்தில் சேர்ந்து நாற்பது வருசம் அந்த எண்களோடு வாழ்ந்தவர். நல்ல கிராமப்புற வட்டாரங்களில் ஆயிரத்துக்கு 17 தான் சாகிறார்கள், அப்படியானால் நகரத்தில் 17க்கு மேல் போகிற ஒவ்வொன்றும் தடுத்திருக்கக்கூடிய சாவு என்று அவர் எடுத்து வைத்தார். எனக்கு ரொம்பப் பிடித்த வாதம் இது. வயசாகி வருகிற சாவை ஒத்துக்கொள்கிறோம், அதற்கு மேலே வருவதற்கு ஊர் பதில் சொல்ல வேண்டும்.

எண்கள் ஏமாற்றவும் செய்யும். 1842ல் எட்வின் சாட்விக் என்ற சீர்திருத்தக்காரர் உழைக்கும் மக்களின் சுகாதாரம் பற்றி ஒரு பெரிய அறிக்கை எழுதினார். லிவர்பூலில் மேல்தட்டுக் குடும்பத்தில் சராசரி இறப்பு வயசு 35, வியாபாரிக்கு 22, கூலிக்காரருக்கு 15. படித்தால் நெஞ்சு பதறுகிறது. ஆனால் கூலிக்காரர் எல்லாம் பதினைந்து வயசில் செத்தார்கள் என்று அர்த்தமில்லை. அவர்கள் வீடுகளில் குழந்தைகள் அதிகம், குழந்தைச் சாவும் அதிகம், அதனால் சராசரி கீழே இழுக்கிறது. இளம் வயசுக்காரர்கள் நிறைந்த ஊரில் சராசரி வயசு எப்படியும் குறைவாகத்தான் வரும். இதை அந்தக் காலத்திலேயே எடுத்துச் சொல்லிவிட்டார்கள். திருப்பூரை வைத்துத் திருப்பிப் பாருங்கள். பனியன் கம்பெனி வேலைக்கென்று வெளி மாவட்டத்திலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வந்த இருபது, இருபத்தைந்து வயசுப் பிள்ளைகள் ஊர் நிறைய. இறப்பு விகிதம் போட்டால் குறைவாக வரும். முடியாமல் போனால் சொந்த ஊருக்கு ரயில் ஏறிவிடுவார்கள், அந்தச் சாவு வேறெங்கோ பதிவாகும். ஊர் ஆரோக்கியம் என்று அதைப் படிக்க முடியுமா? தெரு வாரியாக, வயசு வாரியாக, காரணம் வாரியாகப் பிரிக்காத விகிதத்தை நான் நம்புவதில்லை.

பிரித்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஸ்னோவின் இன்னொரு கணக்கு இருக்கிறது. தென் லண்டனில் இரண்டு கம்பெனிகள் குழாய்த் தண்ணீர் விட்டன, சில தெருக்களில் அடுத்தடுத்த வீடுகளுக்கு வேறு வேறு கம்பெனி. ஒன்று சாக்கடை கலந்த இடத்தில் தேம்ஸ் நதியிலிருந்து எடுத்தது. மற்றது மேலே போய் நல்ல இடத்தில் எடுத்தது. 1854 காலராவில் பத்தாயிரம் வீட்டுக்கு முதல் கம்பெனியில் 315 சாவு, இரண்டாவதில் 37. ஒரே தெரு, ஒரே காற்று, ஒரே மாதிரி ஜனம். ஆனாலும் ஃபாருக்குக்கூட அப்போது முழு நம்பிக்கை வரவில்லை. தாழ்வான இடத்துக் கெட்ட காற்றுதான் காலரா என்று அவர் நெடுநாள் நினைத்தார். 1866ல் கிழக்கு லண்டனில் மறுபடி காலரா வந்தது. வாரா வாரம் வருகிற இறப்புக் கணக்கை அவரே வட்டாரம் வட்டாரமாகப் பார்த்தார். ஒரே கம்பெனியின் தண்ணீர் போகிற இடத்தில் மட்டும் சாவு குவிந்தது. தன் கருத்தை மாற்றிக்கொண்டு அதை வெளிப்படையாக எழுதினார். பெரிய மனசு அது.

இதெல்லாம் சீமைச் சமாசாரம், நமக்கு என்ன என்று என் நண்பர் கேட்டார். 1859ல் இந்தியாவில் இருந்த ராணுவத்தின் சுகாதாரம் பற்றி ஒரு ராயல் கமிஷன் போட்டார்கள். ஃபார் அதில் ஒரு உறுப்பினர். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் பின்னாலிருந்து உழைத்தார். வெள்ளைக்காரச் சிப்பாய் ஆயிரம் பேருக்கு வருசம் 69 சாவு என்று கணக்கு வந்தது. அதற்கு அப்புறம்தான் 1864ல் சென்னை உள்ளிட்ட மூன்று மாகாணங்களிலும் சுகாதாரக் கமிஷன் வந்தது. கோயம்புத்தூர் 1866ல் நகராட்சி ஆனது, ராபர்ட் ஸ்டேன்ஸ் முதல் தலைவர். டவுன் ஹால் ஸ்டாப்பில் இறங்குகிறோமே, அந்த விக்டோரியா ஹால் 1892ல் ராணி பேரில் கட்டியது. ராணி காலத்து லண்டன் வட்டாரமும் ராணி காலத்து நம்மூரும் இறப்புக் கணக்கு எழுதின. ஆனால் அங்கே 1874க்குப் பிறகு டாக்டர் சான்று கட்டாயம். இங்கே கிராமத்தில் மணியகாரர். காலரா, பெரியம்மை, காய்ச்சல், வயிற்றுக்கடுப்பு பேதி, விபத்து, மற்றவை. அவ்வளவுதான் கட்டங்கள். டைபாய்டும் மலேரியாவும் பிரசவச் சுரமும் ஒரே காய்ச்சல் கட்டத்தில் விழுந்தன.

தாது வருசப் பஞ்சத்தில் அதுவும் விழவில்லை. 1876ல் தொடங்கி இரண்டு வருசம். கஞ்சித் தொட்டியைத் தேடி நடந்தவர்கள் வழியிலேயே விழுந்தார்கள். எந்த ஊர் மணியகாரர் எழுதுவார்? பஞ்ச நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று, பஞ்சத்தைப் பார்க்க அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்தபோது, அந்தக் கூலியில் உயிர் நிற்காது என்று மாகாணச் சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ் முகாம்களின் இறப்புக் கணக்கைக் காட்டிச் சண்டை போட்டார். பதிவேடு சொல்லாததை அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சொன்னது. திருச்செங்கோடு, நாமக்கல் எல்லாம் அடங்கிய அன்றைய சேலம் மாவட்டம் 1871ல் 19 லட்சத்துக்கு மேல். 1881ல் 16 லட்சத்துக்கும் கீழே. பத்து வருசத்தில் பிறந்தவர்களையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

கோயம்புத்தூர் நகரத்துக்கும் அப்படி ஒரு பள்ளம் உண்டு. 1901ல் 53,080 பேர். 1911ல் 47,007. நடுவில் பிளேக். எலி செத்து விழுந்தால் வீட்டைக் காலி செய்துகொண்டு ஊருக்கு வெளியே குடிசை போட்டுத் தங்கினார்கள். செத்தவர்களும் ஓடியவர்களும் அந்த ஒரே எண்ணுக்குள் கலந்து கிடக்கிறார்கள். கோவையில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றைக்கும் இருக்கின்றன. அந்தப் பக்கம் போனால் நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் நின்றுவிட்டு வருவேன். பதிவேட்டில் இடம் கிடைக்காத சாவுகளை அந்தக் கோயில்தான் இத்தனை வருசம் ஞாபகம் வைத்திருக்கிறது என்று எனக்குப் படும்.

சரி, என் வரிக்கு வருகிறேன்.

1994 ஐப்பசி. நல்ல மழை. எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை. இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விடுகிற சின்ன நகராட்சி. ஒரு காலை கையெழுத்துக்கு வந்த படிவங்களில் ஒரு இரண்டு வயசுப் பையன். காரணம் காய்ச்சல். முகவரியைப் பார்த்ததும் எங்கேயோ பார்த்த தெருவாக இருக்கிறதே என்று பழைய பக்கத்தைத் திருப்பினேன். ஐந்து நாள் முன்னால் அதே தெருவில் ஒரு பாட்டி, முதுமை. இன்னும் திருப்பினேன். பதினேழு நாள் முன்னால் அதே வரிசையில் எட்டு மாதப் பெண் குழந்தை, காய்ச்சல். மூன்றுக்கும் கீழே என் கையெழுத்து.

டிவிஎஸ் 50ஐ எடுத்துக்கொண்டு போனேன். எட்டு மாதக் குழந்தையின் அம்மா கல்லில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். இருபது வயசு இருக்கும். என்னம்மா ஆச்சு குழந்தைக்கு என்று கேட்டேன்.

"திங்கக்கெழம ராத்திரிங் சார், தண்ணி தண்ணியா போச்சுங். செவ்வாக்கெழம வாந்தியும் சேந்துக்கிச்சுங். ஊசி போட்டுட்டு வந்தமுங். புதங்கெழம பாத்தா கண்ணு ரெண்டும் உள்ள போயிருச்சுங். உச்சிக்குழி அமுங்கிப் போச்சுங். வியாழக்கெழம வெடியால இல்லீங்."

காய்ச்சல் இருந்ததா என்று கேட்டேன். ஒடம்பு சில்லுனுதான் இருந்துச்சுங் என்றாள். பதிவு பண்ணப் போன மாமனாரிடம் காரணம் கேட்டிருக்கிறார்கள், அவர் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அவளிடம் யாரும் கேட்கவில்லை.

அந்தத் தெருக் குழாய்களில் குளோரின் பார்த்தேன். குழாயில் தண்ணீரைப் பிடித்து ஆர்த்தோடொலிடின் சொட்டு விட்டால் மஞ்சளாக வேண்டும். தெரு முனையில் மஞ்சள் வந்தது. அந்த மூன்று வீட்டுக்கும் போகிற கடைசிக் குழாயில் நிறமே வரவில்லை. வீட்டு இணைப்புக் குழாய் சாக்கடைக்குள்ளேயே போனது. ஒரு ஜாயின்ட் துருப்பிடித்து விட்டிருந்தது. தண்ணீர் வருகிற அன்றைக்கு வெளியே கசியும். வராத அன்றைக்குக் குழாய் காலியாகி, அதே ஓட்டை சாக்கடையை உள்ளே இழுக்கும். அடுத்த முறை தண்ணீர் திறந்ததும் முதல் குடம் அந்த வீடுகளுக்கு.

மேலதிகாரிகளிடம் சொன்னேன். காலரா என்ற வார்த்தையை எழுதக் கூடாது என்றார்கள். மழைக் காலத்து வயிற்றுப்போக்கு என்று எழுதிக்கொள், சாம்பிள் எடுக்கிற நேரமெல்லாம் போயிற்று என்றார்கள். எனக்கு வார்த்தையைவிடக் குழாய்தான் முக்கியமாகப் பட்டது. லாரியில் தண்ணீர் கொடுக்க வைத்து, வீடு வீடாக உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டும் பிளீச்சிங் பவுடரும் கொடுத்து, ஒன்பதாவது நாள் குழாயை மேலே தூக்கிப் போட வைத்தேன். அதற்கு அப்புறம் அந்தத் தெருவில் அப்படி ஒரு சாவு வரவில்லை. ஆனால் அந்த இரண்டு வயசுப் பையன். எட்டு மாதக் குழந்தையின் படிவம் வந்த அன்றைக்கே நான் போய் அவளிடம் கேட்டிருந்தால், அவனுக்கு இப்போது முப்பது வயசு தாண்டியிருக்கும். இதை நான் யார் மேலும் போட முடியாது.

அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். பதிவுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் இரண்டு கேள்வி: எத்தனை நாள் முடியாமல் இருந்தாங்க, கூட இருந்து பார்த்துக்கிட்டது யாரு. தனி நோட்டில் வீட்டு நம்பர், நோய் தொடங்கிய நாள், என்ன கண்டது. ஓய்வு பெறும்போது பதினொரு நோட்டு. நேரமாகிறது என்று சலித்துக்கொண்டவர்கள் உண்டு. ஆனால் கூட இருந்து பார்த்தவர்கள் யாரும் சலிக்கவில்லை. கேட்டதும் சொல்லத் தொடங்கிவிடுவார்கள், கிழமை மாறாமல்.

1995 தை நோம்பிக்குக் கோபி பக்கம் அம்மிச்சி வீட்டுக்கு, அம்மாவின் அம்மா வீட்டுக்கு, போயிருந்தேன். தடப்பள்ளி வாய்க்கால் கரை. அம்மிச்சிக்கு அப்போது எண்பது தாண்டிவிட்டது. ஒன்பது பெற்று ஐந்துதான் தக்கியது என்று சின்ன வயசிலிருந்து கேட்டிருக்கிறேன். அந்த நாலு எப்படிப் போச்சு என்று அதற்கு முன் நானும் கேட்டதில்லை, என் அம்மாவும் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன். நோட்டை எடுத்து வைத்துக்கொண்டேன்.

வெத்தலையை மென்றுகொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒன்று பிறந்த ஏழாம் நாள், வாய் கட்டிக்கொண்டு, பால் குடிக்காமல். அது ரணஜன்னி என்று எழுதிக்கொண்டேன். ஒரு பெண், மூன்று வயசு, மாரியாத்தா. ஒரு பையன் பேர் வைப்பதற்குள். கடைசியாகச் சொன்னது நாலு வயசுப் பையன், வாய்க்காலில் புதுத் தண்ணீர் விட்ட ஆடியில், வாந்திபேதி. அதே வாரம் கீழ் வளவில் இரண்டு பேர், மேல் வளவில் ஒரு பெரிய மனுசி.

பின்னால் ஒரு சமயம் அந்த ஊரின் பழைய இறப்புப் பதிவேட்டைத் தேடிப் பார்த்தேன். நாலு பேரில் ஒருவன் மட்டும் இருந்தான், அந்த நாலு வயசுப் பையன். காரணம் ஜுரம் என்று எழுதியிருந்தது. கீழ் வளவுக்காரர்கள் இருவருக்கும் அதே ஜுரம்.

அன்றைக்கு நோட்டில் நான் எழுதியதை அம்மிச்சிக்குப் படித்துக் காட்டினேன். ஆண், வயசு 4, வாந்திபேதி, மூன்று நாள். அம்மிச்சி கையை நீட்டி நோட்டைத் தொட்டார்.

"மூணு நாளில்ல கண்ணு. ரெண்டு நாளும் ஒரு பொழுதும். மூணாம் நாளு உச்சிக்கு முன்னாலயே போயிட்டான். தண்ணி கேட்டான், குடுத்துட்டு இருக்கயிலயே."

அடித்துவிட்டு, இரண்டரை நாள் என்று திருத்தி எழுதினேன்.